முதல் மொய்

ஐப்பசி, ஒரு புதன்கிழமை, முற்பகல். அன்னவாசலிலிருந்து புதுக்கோட்டை செல்லும் சாலையில், மொபெட்டில் சென்றவர் மீது பின்னால் வந்த கார் மோதியது. மொபெட்டில் சென்றவருக்கு இடது தொடை எலும்பும் இடுப்பு மூட்டும் முறிந்தன. காரை ஓட்டியவரே அதன் உரிமையாளர்.

அதே நாள், மாலை. காரின் காப்பீடு முந்தைய சனிக்கிழமையோடு காலாவதியாகியிருந்தது தெரியவந்தது.

அதே வாரம், வெள்ளிக்கிழமை. காப்பீடு புதுப்பிக்கப்பட்டது.

தை. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. முதல் எதிர்மனுதாரர் காரின் உரிமையாளர். இரண்டாம் எதிர்மனுதாரர் காப்பீட்டு நிறுவனம்.

ஆடி. முதல் எதிர்மனுதாரர் தம் ஊரில் மொய் விருந்து வைத்தார்.

அடுத்து வந்த மாசி. மனுதாரரின் சாட்சியம் பதிவு செய்யப்பட்டது.

சித்திரை. தீர்ப்பு. காப்பீட்டு நிறுவனம் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டது. மனுதாரரின் கவனக்குறைவுக்காக ஒரு பகுதியைக் கழித்து, மீதித் தொகையை உரிமையாளர் செலுத்த வேண்டும் என்று உத்தரவாயிற்று.

புரட்டாசி. மனுதாரர் காலமானார்.

வக்கீலுக்காக நான் தயாரித்துக் கொடுத்த குறிப்பு இவ்வளவுதான். ஒரு நிகழ்வை விருப்பு வெறுப்பின்றி எழுதுவது எப்படி என்று, புதுக்கோட்டைக் கல்லூரி ஒன்றில் அரசியல் அறிவியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லித் தந்தவன் நான். குறிப்பில் பிழை இல்லை. ஆயினும் ‘மனுதாரர்’ என்ற சொல்லை ஒவ்வொரு முறை எழுதும்போதும் பேனா தயங்கியது. மனுதாரர் என்றால் கேட்பவர். என் தங்கையின் கணவர் தம் வாழ்நாளில் எவரிடமும் எதையும் கேட்டவர் அல்லர்.

அன்னவாசலில், கடைத்தெருவிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அவருக்கு ஒரு பாத்திர வாடகைக் கடை இருந்தது. அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, பந்திப் பாய், பிளாஸ்டிக் நாற்காலி, மழைக்காலத்தில் தார்ப்பாய். காதுகுத்து முதல் கருமாதி வரை அந்த வட்டாரத்தின் எல்லாச் சாப்பாடும் அவருடைய பாத்திரங்களில்தான் வெந்தது. சாவு வீட்டுக்கு அனுப்பிய நாற்காலிக்கு அவர் வாடகை வாங்குவதில்லை. கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வரும் பாத்திரங்களில் கரண்டிகள் குறைந்திருந்தால் அதைப் பற்றிக் கேட்பதும் இல்லை.

“ஊரு பூரா நம்ம கரண்டியிலதான்ணே கொழம்பு ஊத்துது” என்பாள் என் தங்கை. “இவரு வாடகைக் கடை நடத்தல, தானம் பண்ணிக்கிட்டு இருக்காரு.”

“ஒரு கரண்டிக்காக விசேஷ வீட்டுல போயி நின்னா என்ன ஆகும் மச்சான்? அந்த மனுசன் மூஞ்சி சுண்டிப் போயிரும்ல?” என்று அவர் என்னைச் சாட்சிக்கு இழுப்பார்.

மூஞ்சி சுண்டிப் போகும். அவருடைய அறநூல் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது. அவர் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தது தாராளத்தினால் என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். அது உடலின் கூறு என்று பின்னால்தான் புரிந்தது. சிலருக்கு இரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். அவருக்குப் பிறர் கூச்சப்படுவதைக் கண்டால் அப்படி.

என் மகளின் திருமணத்தில் இரண்டாம் பந்தியின் பாதியில் சாம்பார் இல்லை என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் அமர்ந்திருந்த பந்தி அது. நான் சமையற்கட்டுக்கு ஓடியபோது அவர் வாசலிலேயே நின்று உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எம்மேலதாங்க தப்பு. அண்டாவத் தூக்குறப்ப கைதவறிக் கவுத்துட்டேன். அடுத்தது கொதிக்குது, கொஞ்சம் பொறுத்துக்கங்க.” சம்பந்தி சிரித்தார். யாரோ ஒரு பெரியவர், “வயசாயிருச்சுய்யா ஒனக்கு, அண்டாவெல்லாம் தூக்காத” என்று கேலி செய்தார். எல்லாரும் பொறுத்துக்கொண்டார்கள். கொட்டியதற்கான சுவடு தரையில் எங்கும் இல்லை என்பதை நான் அன்று கவனிக்கவில்லை. ஆட்களின் எண்ணிக்கையை நான் குறைத்துச் சொன்னதால்தான் சாம்பார் போதாமற்போனது என்பதைச் சமையல்காரர் பல ஆண்டுகள் கழித்து வேறு ஏதோ பேச்சில் சொன்னார். தங்கையின் கணவர் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை.

விபத்து நடந்த அன்று அந்த இடத்தில் இருந்தவர்கள் சொன்னதை வைத்து இதை எழுதுகிறேன். அவர் மொபெட்டில் பின்னால் ஒரு குண்டானைக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு தோப்பு வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் கார் மோதியது. குண்டான் உருண்டு வயலுக்குள் போயிற்று. காரிலிருந்து இறங்கிய இளைஞனைச் சாலையில் கூடியவர்கள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கீழே கிடந்தவர் அங்கிருந்தே கத்தினாராம்: “அடிக்காதீங்கய்யா, புள்ள நடுங்குது பாருங்க. தம்பி, இங்கிட்டு வா. பதறாத. மொதல்ல தண்ணி குடி.”

அந்த இளைஞன் ஆலங்குடிப் பக்கத்துக்காரன். எட்டு ஆண்டுகள் அரபு நாட்டில் வண்டி ஓட்டிச் சம்பாதித்து, ஊரில் தாய்க்கு ஒரு சிறிய வீடு கட்டி, விடுமுறைக்கு வந்த இடத்தில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தான். காப்பீடு முடியப்போகிறது என்ற குறுஞ்செய்திகள் எல்லாம் காரை விற்றவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. அவனுக்குத் தெரியாது. அவன் பொய் சொல்கிறான் என்று நான் நினைத்தேன். எங்கள் வக்கீல் விசாரித்துவிட்டு, உண்மைதான் என்றார். உண்மையாக இருப்பதால் சட்டத்தில் ஒரு பயனும் இல்லை என்றும் சொன்னார்.

முதல் அறுவைச் சிகிச்சை அரசு மருத்துவமனையில் நடந்தது. அவர் அங்கே படுத்திருந்தபோது, அந்த வெள்ளிக்கிழமை மாலை, தரகர் ஒருவர் இளைஞனை அழைத்துக்கொண்டு வந்தார். நான் கட்டிலருகே அமர்ந்திருந்தேன்.

“பெரியவரே, இன்னைக்கிக் காலையில பாலிசி போட்டாச்சு. இன்னும் போலீஸ்ல எழுதிக் குடுக்கல. விபத்து இன்னைக்கி மத்தியானம் நடந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருவோம். ஆஸ்பத்திரிப் பதிவ நான் பாத்துக்குறேன். கம்பெனி முழுசாக் குடுக்கும். ஒங்களுக்கும் நல்லது, தம்பிக்கும் நல்லது.”

நான் பேச வாயெடுப்பதற்குள் அவர் சிரித்தார். வலியோடு சிரித்தார்.

“காலு ஒடிஞ்சது புதன்கெழமைங்க. வெள்ளிக்கெழமைன்னு எழுதுனா, நேத்தெல்லாம் நான் பட்டேனே ஒரு வலி, அதை யாரு கணக்குல எழுதுறது?”

தரகரின் முகத்தில் ஈயாடவில்லை. உடனே கட்டிலில் கிடந்தவருக்குத் தாங்கவில்லை. “ஏதோ ஒதவி செய்யத்தான் வந்தீக. டீ குடிச்சிட்டுப் போங்க” என்று என்னைப் பார்த்தார். பொய்ச் சாட்சியம் கேட்டு வந்த மனிதருக்கு நான் மருத்துவமனை வாசலில் தேநீர் வாங்கித் தந்தேன்.

வழக்கை நான் நடத்தினேன் என்று சொல்வது மிகையன்று. பழைய தீர்ப்புகளைத் தேடிப் படித்தேன். காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டிருப்பதைக் கண்டேன். ஒரு கற்றைக் காகிதத்தோடு வக்கீலிடம் போனேன். அவர் பொறுமையாகப் புரட்டினார்.

“சார், இதெல்லாம் லைசென்ஸ் இல்லாம ஓட்டுன கேஸு. வேற நிபந்தனைய மீறுன கேஸு. பாலிசின்னு ஒண்ணு உயிரோட இருந்தாத்தான் நிபந்தனைய மீற முடியும். இங்க பாலிசியே செத்துப் போச்சே. செத்தவன்கிட்ட எப்படிக் கேப்பீங்க?”

“நான்கு நாள் வித்தியாசத்துக்காகவா?”

“நாலு மணி நேரமா இருந்தாலும் அதேதான் சார்.”

காப்பீடு இல்லாத வண்டி என்பதால், ஈடு கட்டாமல் காரை விடுவிக்க முடியாது என்றார்கள். ஈடு கட்ட அவனிடம் ஒன்றும் இல்லை. கார் காவல் நிலைய வளாகத்தில் புங்கமரத்தடியில் நின்றது. ஊன்றுகோலோடு வெளியே வரத் தொடங்கிய பிறகு, அவ்வழியே ஆட்டோவில் போகும்போதெல்லாம் அவர் எட்டிப் பார்ப்பார். “பாவம், வெயில்ல காயுது மச்சான். டயரெல்லாம் வெடிச்சுப் போகும்.” அந்தக் காருக்குப் பக்கத்திலேயே அவருடைய நசுங்கிய மொபெட்டும் கிடந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை. பின்னாளில் கார் ஏலத்தில் போயிற்று. அதில் எங்களுக்குக் கிடைத்த தொகை மருந்துக் கடைப் பாக்கிக்குச் சரியாக இருந்தது.

இடுப்பில் வைத்த செயற்கை மூட்டு அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சீழ் பிடித்தது. அதை எடுத்துவிட்டு வேறொன்று வைக்கத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையை இழப்பீடு வந்தால் கட்டலாம். வராவிட்டால் அவர் அப்படியே கிடக்க வேண்டியதுதான். என் ஓய்வூதியச் சேமிப்பு முன்பே என் மனைவியின் நோயில் கரைந்திருந்தது. தங்கை தன் நகைகளை மகளின் கல்யாணத்துக்கென்று முடிந்து வைத்திருந்தாள். அவற்றைத் தொடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

இந்த நிலையில்தான் ஆடி மாதம் அவர் என் வீட்டுக்கு ஒரு பத்திரிகையோடு வந்தார்.

எங்கள் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் மொய் விருந்து என்பது பழகிப்போன ஏற்பாடு. பணமுடை வந்தவர் ஆடி, ஆவணியில் ஊரைக் கூட்டிக் கறிச்சோறு போடுவார். சாப்பிட்டவர்கள் மொய் எழுதிவிட்டுப் போவார்கள். தங்கள் வீட்டு விசேஷத்தில் அதை அவர் திருப்பிச் செய்ய வேண்டும். பழையதைத் திருப்பி, அதன்மேல் கொஞ்சம் புதியதும் வைப்பதுதான் முறை. அந்தப் புதியது மறுபடி இந்தப் பக்கம் கடனாக நிற்கும். கணக்கு இப்படி ஒருபோதும் தீராமல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே விருந்து வைப்பவருக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அவரே முன்பு பிறருக்குச் செய்ததுதான்.

“மச்சான், ஒங்களுக்கும் பத்திரிகை குடுத்திருக்கான்.”

“யார்?”

“கார்க்காரத் தம்பிதான். விருந்து வச்சு, வர்ற காச நமக்குக் குடுத்தர்றேங்கிறான்.”

“வழக்கு நடந்துகொண்டிருக்கிறது மாப்பிள்ளை. எதிர்மனுதாரர் மனுதாரருக்கு விருந்துப் பத்திரிகை வைப்பதா?”

“நமக்குக் குடுக்கத்தான வைக்கிறான்? நம்மளக் கூப்புடாம எப்புடி வைப்பான்?”

“சரி. அவ்வளவு பேருக்குச் சமைக்கப் பாத்திரம்?”

அவர் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார். “நம்மளதுதான்.”

“வாடகை?”

“மச்சான், நீங்க சட்டத்தப் பாருங்க. பாத்திரக் கதைய எங்கிட்ட விட்டுருங்க.”

அவரைத் தனியே அனுப்ப மனமில்லாமல் நானும் போனேன். தென்னந்தோப்பில் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டம் வந்திருந்தது, சாப்பிட்டது. ஆனால் மொய் எழுதும் மேசைக்கு முன்னால் ஒருவரும் இல்லை. எழுதுபவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கை கழுவியவர்கள் துண்டில் துடைத்துக்கொண்டு, அங்கங்கே மரத்தடியில் நின்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். அந்த இளைஞன் மேசைக்கருகில் கைகூப்பியபடி நின்றான். கூப்பிய கையை இறக்கவும் முடியவில்லை, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

“எட்டு வருசமா வெளிநாட்டுல இருந்தவன், எவன் வீட்டுக்கு வந்து செஞ்சான்? இப்பச் செஞ்சா எப்பத் திருப்புவான்?” என்று என் பின்னால் ஒருவர் சொன்னார்.

“மறுபடி பிளேன் ஏறிட்டா அங்கிட்டுப் போயா கேக்க முடியும்?” என்றார் இன்னொருவர். மரத்தடியில் சிரிப்பு எழுந்தது.

அப்போதுதான் ஊன்றுகோல் தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. நான் தடுப்பதற்குள் அவர் பாதி தூரம் போய்விட்டார்.

“எழுதுங்க. ஆயிரத்தி ஒண்ணு.”

“ஊரு?”

“அன்னவாசல்.”

பெயரையும் சொன்னார். எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா நின்றது. தலையைத் தூக்கி முதலில் ஊன்றுகோலைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார்.

“யாருய்யா அது?”

“அவன் காருல அடிபட்டவரு.”

“அடிபட்டவரேவா மொத மொய் எழுதுறாரு?”

மரத்தடியில் நின்றவர்கள் ஒவ்வொருவராக மேசைக்கு வந்தார்கள். வெட்கத்தினால் வந்தார்கள் என்றே நினைக்கிறேன். இருநூறும் முந்நூறுமாக எழுதினார்கள். அதற்குமேல் அவனுக்குச் செய்ய ஒருவருக்கும் கடமை இல்லை. ஆட்டுக்கும் அரிசிக்கும் பந்தலுக்கும் போக மீந்ததை, மறுநாள் அவன் வெற்றிலை வைத்த தாம்பாளத்தில் கொண்டுவந்து கொடுத்தான். திருச்சியில் கேட்ட தொகையில் அது நாலில் ஒரு பங்குகூட இல்லை.

திரும்பி வரும் வழியில் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

“இது தேறாது என்று உங்களுக்கு முன்பே தெரியாதா? பாத்திரத் தொழிலில் எத்தனை மொய் விருந்து பார்த்திருக்கிறீர்கள்?”

“தெரியும் மச்சான். அவன் பத்திரிகை நீட்டுறப்பவே தெரியும். தேறாதுடா தம்பின்னு எப்புடிச் சொல்றது? ஆசையா வந்து நிக்கிறான். மூஞ்சி சுண்டிப் போயிருமே.”

அடுத்த நாள் காலை, விருந்துக்குப் போன அண்டாக்கள் திரும்பி வந்தன. தங்கை முற்றத்தில் அவற்றைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலியில் அமர்ந்து, எத்தனை கரண்டி குறைகிறது என்று பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார். அவள் நிமிராமல் பேசினாள்.

“தரகரு மூஞ்சி சுண்டக் கூடாது. கார்க்காரன் மூஞ்சி சுண்டக் கூடாது. ஊருல ஒருத்தன் மூஞ்சியும் சுண்டக் கூடாது. எம் மூஞ்சி?”

அவள் அண்டாவைக் கவிழ்த்து மேலும் அழுத்தித் தேய்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். என்னைச் சாட்சிக்கு அழைக்கும் பார்வை அன்று அதில் இல்லை. நாற்பது ஆண்டுப் பழக்கத்தில், அவர் முகம் சுண்டி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அதைச் சரிசெய்யும் வார்த்தை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. அவராக இருந்தால் தெரிந்திருக்கும்.

மாசியில் அவர் சாட்சிக்கூண்டில் ஏறினார். நிற்க முடியாததால் நாற்காலி போட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“விபத்து நடந்தது புதன்கிழமைதானே?”

“புதன்கெழமைதாங்க.”

அந்த வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பின்பு கார் உரிமையாளரின் வக்கீல் எழுந்தார்.

“தோப்பு வீட்டுக்குத் திரும்பும்போது கை காட்டினீங்களா?”

“காட்டுனேங்க. ஆனா பின்னாடி பெரிய குண்டான் கட்டியிருந்தேன். கை அவுகளுக்குத் தெரிஞ்சுச்சோ என்னமோ.”

எங்கள் வக்கீல் கண்களை மூடிக்கொண்டார். தீர்ப்பில் கழிக்கப்பட்ட பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்கானது.

“இவர் வச்ச விருந்துக்குப் போனீங்களா?”

“போனேங்க. கறி நல்லா வெந்திருந்துச்சு.”

“மொய் எழுதினீங்களா?”

“எழுதுனேங்க.”

“அப்ப ரெண்டு பேருக்கும் சமாதானம் ஆயிருச்சுன்னு சொல்லலாமா?”

“சண்டையே இல்லையேங்க.”

“சண்டையே இல்லேன்னா நஷ்டஈடு எதுக்குக் கேக்குறீங்க?”

அவர் சற்று யோசித்தார். அந்த இளைஞன் கடைசி வரிசையில் தலைகுனிந்து நின்றிருந்தான். அவனைப் பார்த்துவிட்டு நீதிபதியிடம் சொன்னார்:

“எனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒண்ணுமில்லங்க. இந்தக் காலுதான் சமாதானத்துக்கு வரமாட்டேங்குது.”

நீதிபதி புன்னகைத்ததை நான் பார்த்தேன். சாட்சியத்தைத் தட்டச்சு செய்தவரும் புன்னகைத்தார். சிரித்தவர்கள் எல்லாரும் நல்லவர்களே. சட்டம் அவர்கள் கையில் இருந்தும் அவர்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை.

சித்திரையில் தீர்ப்பு வந்தது. கழித்தது போக வந்த தொகை, திருச்சி மருத்துவமனைக்கும் அதன் பின்னான வாழ்க்கைக்கும் போதுமானது. கொடுக்க வேண்டியவனிடம் இருந்தது ஒரு வீடு மட்டும். வழக்குக்காக ஊரில் தங்கியதில் அவனுடைய விசா போயிருந்தது. கட்டுமாவடியில் மீன் ஏற்றும் வண்டிக்கு ஓட்டுநராகச் சேர்ந்திருந்தான். தீர்ப்பு நாளன்று நீதிமன்ற வாசலில் அவன் அழுதான். அவர் அவனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். காசை நான் கொடுத்தேன்.

வீட்டை ஜப்தி செய்யக் கோரும் நிறைவேற்று மனுவை வக்கீல் தயாரித்தார். அதை எடுத்துக்கொண்டு அன்னவாசலுக்குப் போனேன். அவர் முழுவதும் படித்தார். பேனாவை வாங்கி மூடியைத் திறந்து, மறுபடி மூடினார்.

“வீட்ட ஏலம் விட்டா அந்த ஆத்தா எங்கிட்டுப் போகும் மச்சான்?”

“உங்களுக்குக் கால் எங்கிருந்து வரும்?”

“அதுவும் சரிதான். அடுத்த வாரம் வாங்க, போட்டுத்தாரேன்.”

அடுத்த வாரம் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்து, “அடுத்த வாரம் கண்டிப்பா” என்றார். முடியாது என்று சொன்னால் நான் வருந்துவேன் என்பதுதான் காரணம் என்று இப்போது தெரிகிறது. என்னிடமும் அவர் அந்தத் தொழிலையே செய்தார்.

புரட்டாசியில் ஒரு நாள் விடிந்ததும் காப்பி கேட்டாராம். தங்கை கொண்டுவந்தபோது அவர் இல்லை. மாரடைப்பு என்று சான்றிதழ் சொல்கிறது. மரணத்தை விபத்தோடு இணைக்க வழியில்லை என்று வக்கீல் சொன்னார். நான் வாதிடவில்லை. சாவு வீடுகளுக்கு வாடகையில்லாமல் நாற்காலி அனுப்பியவரின் வீட்டு வாசலில், அன்று போடப்பட்டிருந்த நாற்காலிகள் வேறொரு கடையுடையவை. அவருடையவற்றை மருந்துச் செலவுக்காகத் தங்கை ஏற்கெனவே விற்றிருந்தாள்.

வருஷம் திரும்பிய பிறகு, தை மாதத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மொய் எழுத என்னை உட்கார வைத்தார்கள். என் பைக்குள் நிறைவேற்று மனு இருந்தது. வாரிசு என்ற முறையில் தங்கையின் கையெழுத்தை அதில் வாங்க வேண்டும். கல்யாணக் களைப்பு தீர்ந்ததும் கேட்கலாம் என்று வைத்திருந்தேன்.

நண்பகலில் கார்க்காரத் தம்பி வந்தான். கட்டுமாவடியிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். வெளுத்த சட்டை போட்டிருந்தும் மீன்பெட்டிகளின் வாடை விடவில்லை. அதை அறிந்தவனாக, மேசையிலிருந்து சற்று விலகியே நின்றான்.

“எழுதிக்கங்க சார். பழசு ஆயிரத்தி ஒண்ணு. புதுசு ஐந்நூறு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். தீர்ப்பாயம் உத்தரவிட்ட தொகையில், கார் ஏலத்தில் கிடைத்தது போக, ஒரு ரூபாயும் இதுவரை வராத கை அது.

“கோர்ட்டுக் காசு...” என்று தொடங்கினான். பிறகு, “அது வேற சார். அதுக்கு எனக்கு வழி தெரியல. இது ஐயா எனக்குச் செஞ்சது. இத வச்சுக்கிட்டு நான் இருக்கக் கூடாது” என்றான்.

எழுதினேன். என் தங்கை அப்போதுதான் அந்தப் பக்கம் வந்தாள். அவனைக் கண்டதும் நின்றாள். அவன் கைகூப்பினான். தோப்பில் கூப்பியதுபோலவே, இறக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல். அவள் என்ன சொல்வாள் என்று நான் அஞ்சினேன். சொல்ல வேண்டியவற்றை எல்லாம் சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது.

“சாப்பிட்டியா?”

“இல்லங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

“பஸ்ஸு அடுத்தது வரும். பந்தி போட்டிருக்கு, உக்காரு.”

அவளே இலை போட்டாள். அவன் குனிந்து சாப்பிட்டான். அவள் கையில் சாம்பார் வாளியோடு அவனருகில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் எந்த உணர்ச்சியையும் என்னால் படிக்க முடியவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு வந்தவன், சட்டைப்பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து அவளிடம் நீட்டினான். அவனுடைய தங்கைக்கு வைகாசியில் கல்யாணம்.

அதற்குப் பின் சில வாரங்கள் ஆகின்றன. செய்யாமல் நிற்பவற்றை வக்கீலுக்காக மீண்டும் எழுதி வைக்கிறேன்.

நிறைவேற்று மனுவில் தங்கையின் கையெழுத்து. கேட்டேன். “அடுத்த வாரம் வாண்ணே” என்றாள்.

காவல் நிலையத்திலிருந்து மொபெட்டை மீட்பது.

ஊன்றுகோலை மருத்துவமனையில் திருப்பிக் கொடுப்பது.

வைகாசியில் ஆலங்குடிப் பக்கம் போய், புதுசு ஐந்நூறைத் திருப்பிச் செய்வது. அதன்மேல் புதிதாக எவ்வளவு வைப்பது என்று தங்கையிடம் கேட்பது.

வீட்டு ஜப்தியை அந்தக் கல்யாணத்துக்கு முன்பு கோருவதா, பின்பு கோருவதா என்று வக்கீலிடம் கேட்பது.